ஏழாவது மேட்ச்

பரணிலிருந்து இறக்கிய பெட்டியைத் திறந்ததும் எழுந்த பழைய வீடியோ கேசட்டுகளின் வாசனை, பஹ்ரைனில், குதைபியாவில், வாப்பாவின் மளிகைக்கடைக்கு மேலிருந்த எங்கள் ஒற்றை அறைக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. அமெரிக்கக் கூடைப்பந்தின் இறுதித் தொடரை எதிர் அறை பிலிப்பைன்ஸ்காரர் ரிக்கோ விடியலில் பதிவுசெய்து தருவார்; கடையடைத்த மதியங்களில், ஏசி உறுமிக்கொண்டிருக்க, வாப்பா என்னை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பார். உம்மாவுக்கும் எனக்கும் அப்போது விசா முடியவிருந்தது. இனி புதுப்பிக்க முடியாது.

"மொத்தம் ஏழு மேட்ச். ஏழையும் பாத்துட்டுத்தான் நீங்க ஊருக்குப் போறது" என்றிருந்தார் வாப்பா.

நான்காவது கேசட்டைக் கொடுத்தபோது ரிக்கோ கைகளை உதறிக் காட்டினார். "கலாஸ், பாய். மேட்ச் மாஃபி." முடிந்தது, இனி மேட்ச் இல்லை என்று அரபியில்.

ஒரே அணி நான்கையும் ஜெயித்துவிட்டால் தொடர் அத்தோடு முடிந்துவிடும் என்பது வாப்பாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. "அப்ப மீதி மூணு?" என்று ரிக்கோவிடம் தமிழிலேயே கேட்டார்.

அடுத்த முறை முதல் கேசட்டையே மறுபடி போட்டு, "இது அஞ்சாவது" என்றார். பார்த்த மேட்ச்தான் என்று எனக்குத் தெரிந்தது; ஆனாலும் மடியில் ஏறிக்கொண்டேன். ஏழாவது என்று அவர் போட்ட மூன்றாவது கேசட்டில், கடைசிப் பந்து வளையத்தை நோக்கிப் பறந்தபோது கேட்டேன்:

"விழுமா, வாப்பா?"

"தெரியலையே, புள்ள" என்று என்னை இறுக்கிக்கொண்டார்.