ஓடுகிற சாமானுக்குத்தான் பொட்டு

பெருமாநல்லூர் சாலையில் இருக்கும் பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் கம்பெனியில் அனுப்ரியா துணி செக் செய்கிறாள். சாய்த்து வைத்த கண்ணாடிப் பலகை, அதற்குள் டியூப் லைட். பலகையின் மேல் துணி மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். ஓட்டையோ கறையோ கோடோ கண்ணில் பட்டால் நிறுத்தி, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, மறுபடி ஓடவிட வேண்டும். வெளிச்சம் துணிக்குப் பின்னாலிருந்து வருவதால் அங்கே நிற்பவர்களுக்கு ஒன்று புரிந்துவிடும். துணியில் நூல் பாதிதான். மீதி, நூலுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்னக் காலி இடங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் லேசாக மயங்கும். காற்றில் பஞ்சு மிதக்கும். அந்த நேரத்தில் வெள்ளைத் துணியின் மேல், அதில் இல்லாத நிறங்கள் ஓடத் தொடங்கும். அகலமாக ஒரு பாசிப்பச்சை, அதை ஒட்டி நூலளவு மஞ்சள், பிறகு நீண்ட சாம்பல். தூக்கமில்லை, விழிப்பும் இல்லை. கை தன் பாட்டுக்கு ஓட்டையைக் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டும்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கோடுகளைக் கட்டம் போட்ட தாளில் கலர் பென்சிலால் தீட்டி வைப்பாள். எல்லாமே நன்றாக இருந்தன என்று சொல்ல முடியாது. சில வெறும் கோடுகள். சிலவற்றில் மட்டும், ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், பார்ப்பவர் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கும். ஆனால் கோடு போட்ட துணியின் குணம் ஒரு தடவையில் தெரியாது. அது திரும்பத் திரும்ப வர வேண்டும். தாளில் நாலாவது தடவை வரைவதற்குள் பென்சில் மொட்டையாகிவிடும். செல்போன் திரையோ உள்ளங்கை அகலம். திரை நிறைய அந்தக் கோடுகளை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. விற்பது, காட்டுவது, பேர் வாங்குவது எதுவும் அதில் இல்லை. பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அவளிடம் ஒரு லேப்டாப் இருந்தது. பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. கல்யாணத்தின்போது பாத்திரம் பண்டங்களோடு இந்த வீட்டுக்கு வந்து, பனியன் வேஸ்ட் துணியில் சுற்றிய மூட்டையாகப் பீரோ மேல் ஏறியது. இறங்கவே இல்லை.

அதை இறக்கியவர் மாமியார் முத்தாயி. பக்கத்துக் கம்பெனிகளிலிருந்து தைத்த பனியன்களை வாங்கி வந்து, வீட்டில் உட்கார்ந்து பிசிர் நூலை வெட்டிக் கொடுப்பவர். ஆயுதபூசையை அந்த வீட்டில் அவர்தான் நடத்துவார். கத்தரிக்கோல், தையல் மிஷின், மகனின் வண்டி, அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. ஆனால் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது.

"ஓடற சாமானுக்குத்தான் கண்ணு பொட்டு. ஓடாததுக்கு வெச்சா சாமிகிட்டயே பொய் சொன்னாப்பல."

பூசைக்கு மூன்று வாரம் இருக்கும்போது வீட்டைச் சுத்தம் செய்யத் தொடங்கி, மூட்டையைக் கீழே வைத்தார். "பூசைக்கு மக்யாநாளு பழைய சாமான்காரன் வருவான். மிக்சி போவுது, ஓட்ட ஃபேன் போவுது. இதும் போவட்டும்."

"அத்தை, இது ஓடுமுங்க."

"எப்ப ஓடுமுங்க?" முத்தாயி அவள் குரலிலேயே கேட்டார்.

"பூசைக்குள்ள ஓட்டிக் காட்டறேனுங்க."

"ஓடுச்சுன்னா நானே பொட்டு வெச்சு மறுபடி பீரோ மேல ஏத்தறேன். இல்லீன்னா சாமான்காரன் சாக்குல போவும்."

"பீரோ மேல வேண்டாமுங்க அத்தை. ஒரு மேசையிருந்தா..."

"மேசைக்கு எங்க போறது? சோத்தையே கீழ வெச்சுத்தான் திங்கறோம்."

அவள் கணவன் சிவபிரகாஷ், துணியை நீராவியில் அழுத்திச் சுருட்டும் காம்பாக்டிங் பட்டறையில் வேலை செய்பவன். மறுநாளே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனான். அடி மூடியைக் கழற்றி, மிஷின்களுக்கு அடிக்கும் கம்ப்ரசர் காற்றைக் குழாயோடு பிடித்து, நன்றாக ஊதி, மூடி, துடைத்து மாலையில் கொண்டுவந்தான்.

"புதுசாட்டப் பண்ணியிருக்கறேன் பாரு அனு."

உண்மையாகவே மேலே பளபளவென்று இருந்தது. அவளுக்குச் சந்தோஷம். அதன் மேல் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

பேட்டரி செத்துவிட்டது, வயர் போட்டால்தான் உயிர். போட்டால், பழைய விண்டோஸ் ஒரு வளையத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்புக்கு விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ்தான் தோது என்று செல்போனில் படித்தாள். கம்பெனி ஆபீசில் இருக்கும் மோனிஷா, மதிய இடைவேளையில் அதை இறக்கிப் பென்டிரைவில் எழுதிக் கொடுத்தாள். ஒரு நாள் லேப்டாப்பையும் தூக்கிப் பார்த்தாள்.

"ஏனக்கா, இது லேப்டாப்பா கருங்கல்லா? பூண்டியில செல அடிக்கறவங்ககிட்டக் கொண்டுபோய்க் குடுத்தா ஒரு புள்ளையாரு அடிச்சுக் குடுத்திருவாங்க."

"நீ பென்டிரைவக் குடு சாமி. புள்ளையார நான் பாத்துக்கறேன்."

முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளே ஏதோ நடக்கிறது, விளக்கு மினுக்குகிறது, படம் மட்டும் வரவில்லை. தொடங்கும்போது வரும் கட்டளை வரியின் கடைசியில் ஒரு சொல்லைச் சேர்த்தால் திரை விழித்துக்கொள்ளும் என்று ஓரிடத்தில் போட்டிருந்தது. சேர்த்தாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மேலேறி ஓடத் தொடங்கின. அர்த்தம் பெரும்பாலும் புரியவில்லை. ஆனாலும் அவள் கண் அந்த ஓட்டத்துக்குப் பழகியிருந்தது. வரிகளுக்கு நடுவே சிவப்பாக ஒன்று கடந்தால், துணியில் ஓட்டையைப் பார்ப்பதுபோல் உடனே பிடித்தது.

அந்த லினக்ஸில் அலங்காரம் அதிகம். அம்புக்குறி பாகில் விழுந்த எறும்புபோல நகர்ந்தது. அதைவிட்டு, பழைய கம்ப்யூட்டர்களுக்கென்றே செய்த, அலங்காரமில்லாத வேறொன்றை மோனிஷாவிடம் எழுதி வாங்கினாள். இது சுறுசுறுப்பாக எழுந்தது. லேப்டாப்பில் பதிக்கச் சொன்னதும் நீலப் பட்டை ஒன்று இடமிருந்து வலமாக நகர்ந்தது. பாதியில் நின்றது. மறுபடி தொடங்கினாள், இப்போது முக்கால் தூரம் போய் நின்றது. அடுத்த தடவை தொடக்கத்திலேயே, பென்டிரைவில் உள்ள ஒரு கோப்பு கெட்டிருப்பதாகச் சொன்னது. பென்டிரைவை மாற்றினாள். புதிதாக இறக்கி எழுதினாள். நின்றது.

இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். எல்லோரும் உறுதியாகச் சொன்னார்கள். கேட்டவரின் கம்ப்யூட்டர் ஒன்று, சொன்னவரின் கம்ப்யூட்டர் இன்னொன்று, அவள் முன்னால் இருப்பது மூன்றாவது என்பது பற்றி யாருக்கும் கவலை இல்லை.

முத்தாயி கத்தரிக்கோலை நிறுத்தாமல் கேட்டார். "ஓடுதா?"

"ஓடுதுங்க அத்தை. நடுவுலதான் நின்னுக்குது."

"நடுவுல நின்னுக்கிட்டா அதுக்குப் பேரு ஓட்டமா?"

அனுப்ரியா பென்டிரைவை மறுபடி செருகினாள். ஜன்னலில் ஆயுதபூசை வெயில் வந்துவிட்டது. சாமான்காரரின் சாக்கு அவள் நினைப்பில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

பூசைக்கு முந்தைய வாரம், கம்பெனியில் ஒரு ரோல் துணி முழுக்க ஓட்டை. அதை ஓட்டியவர் சுடலை, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நிட்டிங் ஆப்பரேட்டர். ஸ்டிக்கர்களைப் பார்த்து நெஞ்சில் கைவைத்தார்.

"என்னக்கா, துணிக்கு அம்மை போட்டாப்ல ஒட்டி வச்சிருக்கிய?"

"ஓட்டையிருந்தா ஒட்டத்தானுங்களே வேணும்."

"ஊசிதான் போயிருக்கும். நேத்துதான புதுசு மாத்துனேன், அதுவுமா போச்சு!"

"ஊசியில்லீங்க சுடலையண்ணா. ஊசி போனா ஒரே எடத்துல நீளமாக் கோடு விழுவும். நூல் வர்ற வழியில கோளாறுன்னா ஒரே இடைவெளியில திரும்பத் திரும்ப வரும். இது பாருங்க. இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு. ஒண்ணுக்கொண்ணு ஒறவே இல்ல."

சுடலை துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஓட்டையின் ஓரத்தில் சின்னப் பஞ்சுருண்டை ஒன்று நூலோடு சேர்ந்து பின்னப்பட்டிருந்தது.

"மிஷினு ஓடறப்பவே காத்தடிச்சீங்களா?" என்று கேட்டாள் அனுப்ரியா.

"பூச வருதுல்லா, சுத்தமா இருக்கட்டுமேன்னு..."

"சுத்தம் பண்ண காத்துதானுங்கண்ணா பஞ்ச உள்ள தள்ளியுட்டிருக்குது."

சொல்லி முடித்த பிறகும் அவள் அந்த வாக்கியத்தைவிட்டு நகரவில்லை. துணி அவள் முன்னால் இறங்கிக்கொண்டே இருந்தது. நீலப் பட்டை ஒரு தடவை பாதியில், ஒரு தடவை முக்காலில், ஒரு தடவை தொடக்கத்தில். ஒன்றுக்கொன்று உறவே இல்லை. பென்டிரைவில் கோளாறு என்றால் ஒரே இடத்தில் அல்லவா நிற்க வேண்டும்? ஒரு ஓட்டை ஸ்டிக்கர் இல்லாமல் கீழே போய்விட்டது. துணியைப் பின்னால் ஓட்டி அதை எடுத்தாள்.

அன்று சாயங்காலம், பென்டிரைவ் எழுந்ததும் வரும் பட்டியலில் கடைசியாக இருந்த, லேப்டாப்பின் நினைவகத்தையே பார்க்கும் ரேம் சோதனையைத் தேர்ந்தெடுத்தாள். இத்தனை நாளும் கண்ணில் பட்டது, தனக்கில்லை என்று தாண்டிப் போனது. திரை நீலமாயிற்று. எண்கள் ஓடின. பிறகு ஒரு சிவப்பு வரி விழுந்தது. அதன் கீழே இன்னொன்று. சற்று விட்டு மூன்று சேர்ந்தாற்போல். நீலத்தின் மேல் சிவப்புக் கோடுகளாகத் திரை நிறைந்துகொண்டே போனது. அவை பிழைகள் என்று தெரிந்தும் அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த லேப்டாப் திரை நிறையக் காட்டிய முதல் கோடுகள் அவைதான்.

அணைத்து, வயரைப் பிடுங்கி, அடி மூடியைக் கழற்றினாள். கம்ப்ரசர் காற்றில் எண்ணெயும் ஈரமும் கலந்திருக்கும். அந்தக் காற்று பட்டறைப் பஞ்சைக் கொண்டுவந்து ரேம் செருகியிருந்த பள்ளத்தில் திணித்துவிட்டிருந்தது. ஊசியால் மெல்லக் கிளறியதும், கம்பளிபோல ஒரு துண்டு எழுந்து வந்தது. கருநீலம், அதற்கு மேல் வெள்ளை, இடையில் ரோஜா நிறத்தில் ஒரு பிசிறு. அந்த வாரம் பட்டறையில் ஓடிய ஆர்டர்கள். ரேமை வெளியே எடுத்து, அதன் பித்தளை நிற விளிம்பைத் தன் கலர் பென்சில் டப்பாவில் இருந்த அழிரப்பரால் தேய்த்தாள். பழைய பனியன் துணியால் துடைத்தாள். திரும்பச் செருகியபோது டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

சோதனையை மறுபடி ஓடவிட்டாள். நீலம் நீலமாகவே இருந்தது.

பதிக்கும் பட்டை நகர்ந்தது. நின்ற இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தாண்டியது. முடிந்தது என்று திரை சொன்னபோது யாரையும் கூப்பிடவில்லை. வெளியே எடுத்திருந்த பஞ்சுத் துண்டை எடுத்து, சிவபிரகாஷ் வருவதற்குள் குப்பைக்கூடையில், காகிதத்துக்கு அடியில் போட்டாள்.

பூசையன்று காலையில் சாமான்கள் வரிசையாகப் பாயில் அமர்ந்தன. கடைசியில் லேப்டாப், சுவரிலிருந்து வயர் நீண்டு. முத்தாயி தட்டில் சூடத்தை ஏற்றினார். "எங்க, ஓட்டு பாக்கலாம்."

அனுப்ரியா பொத்தானை அழுத்தினாள். பழைய லேப்டாப் எழுவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும். அதை அவள் யோசித்திருக்கவில்லை. திரை கறுப்பு. சூடம் நின்று எரிந்தது. வெள்ளை எழுத்துகள் ஓடத் தொடங்கின. சூடம் பாதியாயிற்று.

"சீக்கிரம் அனு," என்றான் சிவபிரகாஷ்.

"அதுபாட்டுக்குத்தானுங்க வரும், நானென்ன தள்ளியா உடறது?"

எழுத்துகள் நின்றன. மறுபடி கறுப்பு. சுடர் தட்டோடு படிந்து, நீலமாகி, இருக்கிறதா இல்லையா என்று ஆனது. அனுப்ரியா சாமியைப் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. மாமியாரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கை டப்பாவுக்குள் போய் இன்னொரு சூடத்தை எடுத்துத் தட்டில் வைத்தது. அணையப்போன சுடர் புதியதைப் பற்றிக்கொண்டது.

"வந்துட்டிருக்குதில்ல," என்றார் முத்தாயி யாரிடமோ. "எழுத்து ஓடுச்சே, நான் பாத்தேன்."

பிறகு திரை வெளுத்தது. அனுப்ரியா முந்தின நாள் லேப்டாப்பில் தீட்டி வைத்திருந்த கோடுகளைத் திறந்தாள். பாசிப்பச்சை, நூலளவு மஞ்சள், நீண்ட சாம்பல். மறுபடி பச்சை, மஞ்சள், சாம்பல். மேலிருந்து கீழ்வரை, ஓரத்திலிருந்து ஓரம்வரை. சூட வெளிச்சம் ஆடியபோது கோடுகளும் லேசாக ஆடின. பக்கத்தில் இருந்த கத்தரிக்கோலின் இரும்பில் அந்த மஞ்சள் மட்டும் போய் ஒட்டிக்கொண்டது.

முத்தாயி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்தச் சாம்பல் நெம்ப நீளம். கொறைக்கோணும்."

"கொறைக்கறேனுங்க அத்தை."

சந்தனத்தைத் தொட்ட விரல் லேப்டாப்பின் பக்கவாட்டுக்குப் போனது.

"அங்க வேண்டாமுங்க! அது காத்துப் போற வழி. மேல வெய்ங்க."

மேலே, மூடியின் முதுகில், பொட்டு விழுந்தது. சிவபிரகாஷ் கைகளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தான். "நான் அன்னைக்குக் காத்தடிச்சுக் கொண்டாரலீன்னா இதெல்லாம் ஆவுமா?"

"ஆவாதுங்க," என்றாள் அனுப்ரியா. சிரிப்பை அடக்கச் சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் சாமான்காரர் வந்தார். மிக்சியும் ஃபேனும் சாக்குக்குள் போயின. வேலை முடிந்து அனுப்ரியா வந்தபோது லேப்டாப் பாயிலும் இல்லை, பீரோ மேலும் இல்லை. ஜன்னலோரத்தில், பனியன் பண்டல்கள் வைக்கும் ஸ்டூலின் மேல் இருந்தது. பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. பண்டல்கள் தரையில் கிடந்தன.

"அத்தை, பண்டலுக்கு ஸ்டூலு வேணுமே?"

"கீழயே கெடக்கட்டும்," என்றார் முத்தாயி, குனிந்து ஒரு பனியனை எடுத்தபடி. "சாம்பலக் கொறைச்சியா?"