ஆண்கள் மட்டும் வந்துபோன கூடம்

காரைக்குடியில் நான் குடியிருக்கும் வீடு ஒரு காலத்தில் ஒரு சகோதர சங்கத்தின் கூடமாக இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஆண்கள் மட்டும் கூடுவார்கள்; கதவைச் சாத்திக்கொள்வார்கள். உள்ளே நடப்பதைப் பற்றி அவரவர் வீட்டில் மூச்சு விடக் கூடாதாம். யாரும் எட்டிப்பார்த்துவிடாதபடி ஜன்னல்களை ஆளுயரத்துக்கு மேலே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். உறுப்பினர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர, மிஞ்சிய இரண்டு பேர் கூடத்தை விற்றார்கள். சிங்கம்புணரியில் இருந்த என் நிலத்தை விற்றுவிட்டு நான் வாங்கினேன்.

வாங்கியது நான், அவதிப்படுவது என் மனைவி. தெருவைப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். எனக்கும் அங்கே இருப்புக் கொள்ளவில்லை. முப்பது வருஷம் டிக்கெட் பரிசோதகராக பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கிய உடம்பு. கட்டிலை மூன்று முறை இடம் மாற்றிப் பார்த்தேன். ஐந்து மணியானால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

“கால்ல சக்கரத்தக் கட்டிக்கிட்டுப் பொறந்தவுக. எங்க போறீக?”

“சும்மா, இங்குட்டுத்தான்.”

கொஞ்ச நாளில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

போன மாதம் நான் கிளம்பும் நேரத்தில் ஓர் ஆச்சி வாசலில் வந்து நின்றார். எண்பது வயதிருக்கும். அவர் கணவர் நாற்பது வருஷம் இந்தச் சங்கத்தில் இருந்தவராம், இப்போது இல்லை.

“அவுக இருந்த வரைக்கும் இந்த வாசப்படிய நான் மிதிச்சதில்ல. ஒரு தடவ பாத்துட்டுப் போயிரவா?”

என் மனைவி கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள். ஆச்சி சுவரை, உத்தரத்தை, எங்கள் பீரோவை, கொடியில் காய்ந்த துண்டைக்கூடப் பார்த்தார். “அவுக எங்க உக்காருவாக?” என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. மேற்குச் சுவரோரம் தரையில் நாற்காலிக் கால்கள் தேய்த்த தடம் இருக்கிறது. அதைக் காட்டினேன். அதில் நின்று ஒரு சுற்று பார்த்தார்.

“இம்புட்டுத்தானா? இதச் சொல்றதுக்கு என்ன? நான் என்னென்னமோ நெனச்சு நாப்பது வருசமா வெந்துகிட்டு இருந்தேன்.”

அழவில்லை. கோபமாகத்தான் இருந்தார். போட்ட காபியைக் குடிக்காமலே போய்விட்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் போவது ரயில்வே ஸ்டேஷனுக்கு. நடைமேடையின் கடைசியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருக்கிறது. அதில் உட்கார்ந்து வருகிற போகிற வண்டிகளைப் பார்ப்பேன், அவ்வளவுதான். இதைப் போய் என்ன சொல்வது என்று சொல்லாமலே இருந்துவிட்டேன்.

அப்படியும் கால் நிற்கவில்லை. வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினேன். பக்கத்தில் என் மனைவியும் தன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒங்களுக்கு அப்பறம் நான் யாரு கிட்டயும் போயி விசாரிச்சுக்கிட்டு நிக்க மாட்டேன். இன்னைக்கே காட்டுங்க.”