கோட்டுக்கு அந்தப் பக்கம்

மவுண்ட் ஆல்பர்ட் ஸ்டேஷனில் ரயில் இன்னும் வரவில்லை. நான் தமிழில் போன் பேசியதைக் கேட்டு அறிமுகமான சாந்தி, தன் கைப்பேசியில் புதிய தேர்தல் எல்லை வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். கணவனின் விசாவை மறுத்துவிட்டார்களாம். உதவி கேட்டு எம்பியின் அலுவலகத்துக்குப் போகிறாள்.

"கோடு எங்கட ரோட்டால போகுது அண்ணை. எலெக்‌ஷனுக்குள்ள விசா வராட்டி நான் பிறகு ஆரிட்டப் போறது?"

"நான் முந்தி லண்டனில இருக்கேக்க எங்கட தொகுதியையும் இப்பிடித்தான் வெட்டினவங்கள்." வாய் தவறிச் சொல்லிவிடுகிறேன்.

"ஓமோ? பிறகு?"

எங்கள் புறநகர்த் தொகுதியில் காலங்காலமாக ஒரே கட்சிதான் வென்றது. ஒருமுறை எங்கள் சனம் திரண்டு வாக்குப் போட்டு அதைத் தோற்கடித்தது. அதற்குப் பிறகு எங்கள் கோயிலின் ஒவ்வொரு தேருக்கும் இரண்டு கட்சி வெள்ளைக்காரரும் வேட்டி கட்டி, மேலே பெல்ட்டும் இறுக்கிக்கொண்டு வடம் பிடிக்க வந்தார்கள். பிறகு தொகுதியை இரண்டாக்கினார்கள். கோயில் ஒரு பக்கம், எங்கள் வீடுகள் மறுபக்கம். அடுத்த தேருக்கு ஒரு பெல்ட்டும் வரவில்லை.

"பிறகென்ன, புது எம்பி வந்தவர்," என்கிறேன்.

தண்டவாளம் அதிரத் தொடங்குகிறது. சாந்தி அவசரமாக ஒரு படத்தைத் தேடி எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள்.

"பொங்கலுக்கு எங்களோட நிண்டு எடுத்தது. எம்பிக்கு என்னை ஞாபகம் இருக்குந்தானே அண்ணை?"

படத்தில் அவர் சிரிக்கிறார். வேட்டிக்கு மேலே பெல்ட்.

"ஓம்," என்கிறேன். "இருக்கும்."