எங்கள் சங்கம் பாஸ் கேட்ட காலை

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் அம்பத்தூர் வீட்டு வாசலில், வெயில் ஏற ஏற, பூட்ஸ் பாலிஷ் வாசனையும் சேர்ந்து ஏறும். அப்பாவின் ரெஜிமென்ட்டில் இருந்து ஓய்வு பெற்று ஆவடி, பூந்தமல்லி, பாடிப் பக்கங்களில் குடியேறிய சிப்பாய்களின் சங்கம் அன்று எங்கள் முன்கூடத்தில் கூடும். வாசலில் கழற்றி விட்ட பூட்ஸுகள் ஒரே கோட்டில் நிற்கும். ஒரு ஜோடி கோணலாக இருந்தால் அடுத்து வருபவர் குனிந்து நேராக்கிவிட்டுத்தான் உள்ளே வருவார். அப்பா செயலாளர். பூந்தமல்லியில் இருந்து சைக்கிளில் வரும் சுபேதார் ஹமீது மாமா தலைவர். அம்மா சங்கத்தில் எதுவும் இல்லை. நோட்டீஸ் எழுதி தபாலில் சேர்ப்பதும், இறந்துபோனவர்களின் மனைவிமாருக்கு பென்ஷன் மனு எழுதிக் கொடுப்பதும், அத்தனை பேருக்கும் டீ போடுவதும் மட்டும் அவள் வேலை. இதைப் பற்றியே எனக்குத் தனியாக ஒரு கோபம் உண்டு. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றை.

பட்டாளத்தை விட்டு வந்தவர்களுக்கு அப்போது எங்கள் பக்கத்தில் கிடைத்த வேலை பெரும்பாலும் தொழிற்சாலை கேட்டில் காவல் நிற்பதுதான். பாடியில் தொடங்கி அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் முழுக்கப் பல கேட்டுகளில் எங்கள் சங்கத்து ஆட்களே நின்றார்கள். பீரங்கி இழுத்தவர்கள் லாரி நம்பர் எழுதினார்கள். அதில் அவர்களுக்குக் குறை இருந்ததாகத் தெரியவில்லை. காக்கிச் சட்டையின் இடது மார்பில், வாங்கிய பதக்கங்களுக்கு உரிய வண்ண ரிப்பன்களைப் பட்டையாகத் தைத்துக்கொண்டு நிற்பார்கள். அதைப் பார்த்துத் தொழிலாளிகள் "மிலிட்டரி" என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

நான் ஆறாம் வகுப்பு படித்த ஆண்டு, பாடியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் இருந்து காப்பர் கம்பிச் சுருள் ஒன்று காணாமல் போனது. இரவுக் காவல் அவில்தார் லாசர் மாமா. காலை ஷிஃப்ட் உள்ளே நுழையும் நேரத்தில், அத்தனை தொழிலாளிகளின் கண்ணெதிரே, மேனேஜர் அவருடைய டிபன் பாக்ஸைத் திறந்து கவிழ்க்கச் சொன்னார், சைக்கிள் பையை உதறச் சொன்னார், பிறகு சட்டையைக் கழற்றச் சொன்னார். எதிலும் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகாவது அந்த மனிதர் வாயை மூடியிருக்கலாம். "இந்தக் கலர் துணியெல்லாம் மாட்டிக்கிட்டு நாளையில இருந்து இங்க வரவேணாம்" என்று சொல்லி அனுப்பினார். கம்பி ஸ்டோர் மாறி வேறொரு கட்டடத்தில் கிடந்தது மறுநாளே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் லாசர் மாமாவை யாரும் கூப்பிடவில்லை.

அந்த மாதக் கூட்டத்துக்கு அவர் வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். அதற்கு முன் அவரைக் காக்கியில்லாமல் நான் பார்த்ததில்லை.

"இன்னா லாசரு, மூஞ்சி இப்டி கீது?" என்று ஹமீது மாமா கேட்டதும் நடந்ததை எல்லாம் மெதுவாகச் சொன்னார். சட்டை என்ற இடம் வந்தபோது நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

கூடம் கொதித்தது. "அந்தாளு ஊட்டாண்ட போய் நாலு தட்டு தட்டினு வந்துர்லாம் அண்ணாத்தே" என்றார் ஒருவர்.

"தட்டுனா உன்ன போலீஸ் தட்டும். ஒக்காரு" என்றார் ஹமீது மாமா.

கலெக்டருக்கு மனு கொடுக்கலாம் என்றார் அப்பா. அப்போதுதான் டீ தட்டோடு நின்றிருந்த அம்மா வாயைத் திறந்தாள். "எல்லா கேட்டுலயும் நீங்கதானே நிக்கிறீங்க? உள்ள போற ஒவ்வொரு வண்டியையும் தொறந்து பாக்கணும், ஒவ்வொரு ஆள்கிட்டயும் பாஸ் வாங்கிப் பாக்கணும்னு போர்டு மாட்டி வெச்சிருக்காங்களே, ஒரு நாளாவது யாராவது செஞ்சிருக்கீங்களா? நாளைக்குச் செய்ங்களேன்."

ஹமீது மாமா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "அண்ணி சொன்னாங்களே ஆர்டரு! சட்டத்த மீறவே வாணாம். சட்டப்படி நிப்போம்."

எல்லாரும் சிரிக்கவில்லை. மூலையில் இருந்த ஒருவர், "வேல பூடும் செக்ரட்டரி. எனக்கு மூணு பொண்ணு கீது" என்றார்.

"லாசருக்கு மட்டும் இன்னா, மூணு மாந்தோப்பா கீது?" என்றார் ஹமீது மாமா. அந்த மூலைக்காரரும் கடைசியில் கையைத் தூக்கினார். கூட்டக் குறிப்பில் அப்பா, "யோசனை ஒன்று முன்வைக்கப்பட்டு ஏற்கப்பட்டது" என்று எழுதினார். முன்வைத்தது யார் என்று எழுதவில்லை.

மறுநாள் காலை வில்லிவாக்கத்தில் இருந்த என் பள்ளிக்குப் போகும் பஸ் பாடியைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டது. கேட்டுக்குக் கேட் லாரிகள் சாலை வரை வால் நீட்டி நின்றன. எங்கள் ஆட்கள் தார்ப்பாய்களை அவிழ்த்து, பெட்டிகளை எண்ணி, மீண்டும் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த எனக்கு ஹமீது மாமா நின்ற கேட் நன்றாகத் தெரிந்தது. ஒரு வெள்ளைக் காரை நிறுத்தி, விறைப்பாக சல்யூட் அடித்துவிட்டு, "பாஸ் சார்?" என்றார்.

"என்னய்யா, தெனமும் என்னைப் பாக்குற ஆள்தானே நீ?"

"உங்கள தெனமும் பாக்குறேன் சார். பாஸத்தான் இன்னும் பாக்கல."

பஸ்ஸே சிரித்தது. ஆனால் அவர் முகத்தில் சிரிப்பில்லை. அந்த கேட்டில் அவர் வேலையும் அன்று போயிருக்கலாம் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

இரண்டாம் நாள் மாலை, மற்ற கம்பெனிக்காரர்கள் கொடுத்த நெருக்கடியில், அந்த மேனேஜர் எங்கள் வீட்டுக்கே வந்தார். அப்பா நாற்காலி போட்டார், அம்மா தண்ணீர் கொடுத்தாள். "நடந்தது தப்புதான். நான் வருத்தப்படுறதா அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றார். அப்பா குரலை உயர்த்தவே இல்லை. "என்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? எந்த எடத்துல சட்டையக் கழட்டச் சொன்னீங்களோ, அந்த எடத்துல, அதே ஷிஃப்ட் நேரத்துல சொல்லுங்க."

சொன்னார். லாசர் மாமா காக்கியும் ரிப்பனுமாக மறுபடி அதே கேட்டில் நின்று கேட்டுக்கொண்டு, சல்யூட் அடித்துவிட்டு, உள்ளே போகத் திரும்பிய மேனேஜரிடம் "பாஸ் சார்?" என்றாராம். சாப்பிடும்போது இதைச் சொன்ன அப்பாவுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது.

அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. எஸ்டேட்டின் பாதி இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள். நான் குடியிருப்பதும் ஒரு பட்டறையை இடித்துக் கட்டிய அடுக்ககத்தில்தான். எங்கள் கேட்டில் செல்வராஜ் என்று ஒருவர் நின்றார். வேப்பம்பட்டில் இருந்து ரயிலில் வருவார். அப்பாவின் அதே ரெஜிமென்ட், அப்பாவுக்குப் பிந்திய தலைமுறை. சென்ற மாதம் ஒரு வீட்டுக்கு வந்த பார்சல் காணவில்லை என்று, குழந்தைகள் ஸ்கூல் வேனுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அடுக்ககக் கமிட்டிக்காரர்கள் அவர் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். பார்சல் அடுத்த பிளாக்கில் பத்திரமாக இருந்தது. வாட்ஸாப் குழுவில் "பார்சல் கிடைத்துவிட்டது, நன்றி" என்று ஒரு செய்தியும் கும்பிடும் கைகளும் வந்தன. நன்றி யாருக்கு? மன்னிப்பு எங்கே? நான் கேட்டு எழுதியதற்கு ஒரு பதிலும் வரவில்லை. அடுத்த வாரம் செல்வராஜ் வரவில்லை.

சங்கத்தின் இப்போதைய செயலாளருக்கு போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, உங்க கேட்டுக்கு ஆள் அனுப்புற செக்யூரிட்டி ஏஜென்சி நம்ம சங்கத்தோட இப்ப இருக்குற தலைவருடையதுதான். கஸ்டமர் கம்ப்ளெயின்ட் வந்தா ஆளை மாத்திருவாங்க. அதான் பாலிசி."

"அவர் உங்க உறுப்பினர் இல்லையா?"

"உறுப்பினர்தான்மா. வேற எடம் காலியானா போடுவோம்." பிறகு குரலில் உற்சாகம் வந்தது. "நீங்க நம்ம ஆண்டு விழாவுக்கு அவசியம் வரணும். ஏசி மண்டபம், ஏஜென்சிதான் மொத்த ஸ்பான்சர். முதல் செயலாளரோட மகள்னு மேடையில சால்வை போடுறோம்."

சால்வையை செல்வராஜுக்குப் போடுங்கள், எங்கள் கேட்டில் வைத்து, ஸ்கூல் வேன் வரும் நேரத்தில் போடுங்கள், நான் வந்து கைதட்டுகிறேன் என்றேன். மேலே பேசிச் சொல்வதாகச் சொன்னார். சொல்லவில்லை.

தன் ஆள் ஒருவனின் சட்டையைக் கழற்ற வைத்ததற்காக ஓர் எஸ்டேட்டையே நிறுத்திய சங்கம் அது. இன்று தன் ஆளையே அது வாடகைக்கு விடுகிறது, குறை சொன்னால் மாற்றித் தருகிறது. இப்போது எங்கள் கேட்டில் நிற்பவர் ஐம்பது வயதைக் கடந்தவர், எந்த ஊர்க்காரர் என்றுகூட யாரும் கேட்டதில்லை. பணி முடிந்து போகும்போது காவலாளியின் பையைப் பார்ப்பது என்று கமிட்டி விதி போட்டிருக்கிறது. நேற்று மாலை பால் வாங்கிக்கொண்டு திரும்பிய என்னைப் பார்த்ததும், நான் கமிட்டியில் இருப்பவள் என்று நினைத்துக்கொண்டு, கேட்பதற்கு முன்பே அவர் தன் பையின் ஜிப்பைத் திறந்து காட்டினார்.