சூப்பிரண்டின் டிராக்டரும் என் திருப்புளியும்

பழைய கணினியைப் பழுது பார்க்கிறவனுக்கும் தொழிற்சங்கக்காரனுக்கும் தலைவிதி ஒன்றுதான்: மற்ற எல்லோரும் கைவிட்ட பிறகே ஆட்கள் நம்மிடம் வருவார்கள், வந்ததும் நேற்றே ஏன் சரியாகவில்லை என்று கேட்பார்கள். இந்தத் தொழிலில் கிடந்து அவதிப்படும் சகோதரர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. அதிலும் விளையாட்டுக்காகக் கணினியைத் தூக்கி வருகிறவர்கள் தனி இனம். பெட்டி பழையது, விளையாட்டு புதியது, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறவன் நாம்.

சங்கத்துச் சொத்து

நான் கல்லூரி வாசலை மிதித்தவன் இல்லை. என் படிப்பெல்லாம் துண்டுப் பிரசுரத்தில் தொடங்கி துண்டுப் பிரசுரத்தில் முடிந்தது. குலசேகரம் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் பால்வெட்டுத் தொழிலாளிகளுக்குச் சங்கம் வைத்திருந்தேன். எங்கள் நோட்டீசை அடிக்க எந்த அச்சகக்காரனுக்கும் தைரியம் வரவில்லை. ஆகவே சங்கத்துக்கென்று ஒரு பழைய கணினி வாங்கினோம். அது மாதம் ஒருமுறை படுத்துக்கொண்டது. தூக்கி நிறுத்த ஆள் இல்லாததால் நானே படித்துக்கொண்டேன். கூலி உயர்வு, போனஸ், மருத்துவ விடுப்பு எல்லாம் அந்தப் பெட்டியில் அடித்து வாங்கியவைதான். இன்று அதை அனுபவிக்கிறவர்களுக்கு என் பெயர் தெரியாது.

பிறகு சங்கம் இரண்டாகப் பிளந்தது. இரண்டு பாதியும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் என்னை நீக்கியது. சங்கத்துச் சொத்துகளைப் பிரித்தபோது நாற்காலியை ஒருவன் எடுத்தான், மைக்கை ஒருவன் எடுத்தான். கணினியை மட்டும் யாரும் தொடவில்லை. அதை வைத்துத்தான் கடை போட்டேன். அன்றைக்குப் பொருளாளர் சொன்னதை இன்றும் மறக்கவில்லை: "கம்ப்யூட்டர் அவருக்கெ கையிலயே இருக்கட்டு. ரெண்டும் பழசு."

நிர்வாகம் கடை ஏறியது

போன மழைக்காலத்தில் ஒரு நாள் என் கடை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் செல்வதாஸ். அதே எஸ்டேட்டில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைநிறுத்தக் காலத்தில் நாங்கள் கேட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தும்போது, காற்றடிக்கிற அளவுக்குக்கூடக் கண்டுகொள்ளாமல் ஜீப்பில் போவார். அவருக்கு நான் பிரசுரத்தில் வைத்த பெயர் "ஒட்டுப்பால்". பால் எடுத்த பிறகும் மரத்தை விடாமல் காய்ந்து ஒட்டிக் கிடக்கும் மிச்சத்துக்கு அதுதானே பெயர்? முதலாளியை விடாமல் ஒட்டிக் கிடந்தவருக்குப் பொருத்தமாகவே இருந்தது. ஒருமுறை அந்தப் பெயரைச் சொன்னதற்கு என்மேல் செருப்பை எறிந்தார். குறி தவறியது.

கடைக்குள் வந்தவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேசியது அவர் மனைவி புஷ்பம்தான். மகள் ஷீபா மஸ்கட்டில் இருக்கிறாள். எங்கள் பால்வெட்டுக்காரர் ஒருவரின் மகனைக் கட்டிக்கொண்டவள். ரிஜிஸ்டர் ஆபீசில் நடந்த அந்தக் கல்யாணத்துக்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அதன்பின் அப்பாவும் மகளும் பேச்சை நிறுத்தினார்கள். வருடங்கள் கழித்து அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். போனில் இருவருக்கும் வார்த்தை வராது. ஆனால் கணினியில் ஒரு விவசாய விளையாட்டு உண்டு. இங்கிருந்து ஒருவர், அங்கிருந்து ஒருவர் ஒரே வயலில் டிராக்டர் ஓட்டலாம், ஓட்டிக்கொண்டே பேசலாம். வரப்பு கோணலாகப் போனால் சூப்பிரண்டால் சும்மா இருக்க முடியாது; அப்படித்தான் பேச்சு திரும்ப வந்தது. அவளுக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமைதோறும் உழுகிறார்கள். இப்போது புதுப் பதிப்பு போட்டதிலிருந்து நிலம் தெரியவில்லை, டிராக்டர் ஊதா நிறத்தில் அந்தரத்தில் பறக்கிறது, சத்தம் கரகரக்கிறது. வேறு கடைகளில் பெட்டியைத் தூரப் போடச் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பெட்டி எஸ்டேட் ஆபீசில் கழித்துக்கட்டியது. ஓய்வு பெற்ற அன்றைக்கு முதலாளி அன்பளிப்பாகக் கொடுத்தாராம். ஆயுள் முழுக்க விசுவாசமாக இருந்தவருக்கு நிர்வாகம் என்ன கொடுக்கும் என்பது பற்றி எனக்குச் சில கருத்துகள் உண்டு. அவற்றைச் சொல்ல வாயெடுத்தேன். சூப்பிரண்டு கூரையிலிருந்து கண்ணை இறக்கினார்.

"செரியாவும்னா சொல்லும், ஆவாதுன்னா சொல்லும். பிரசங்கம் வேண்டாம்."

அருவியைத் தோற்கடித்த கார்

நிலம் தெரிய வேண்டுமானால் அந்தப் பெட்டிக்குத் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு தேவை. புதிய கார்டுகள் அந்தக் கிழட்டு உடம்பில் உட்காராது. பழசுக்குப் பழசே தேட வேண்டும். தேடிக்கொண்டிருந்தபோது திற்பரப்பில் லாட்ஜ் வைத்திருக்கும் என் வாடிக்கையாளர் தானே வந்தார். தண்ணீர் கூடினால் அருவியில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அந்த நாட்களில் விருந்தாளிகளின் பிள்ளைகளைச் சமாளிக்க வரவேற்பறையில் கார் பந்தய விளையாட்டோடு ஒரு கணினி வைத்திருந்தார். கார்டு நான் போட்டுக் கொடுத்ததுதான். இப்போது அதைக் கழற்ற வேண்டும் என்றார். பழுதா என்று கேட்டேன். பழுதில்லை, அதுதான் பழுது என்றார்.

"தண்ணி வடிஞ்சு அருவியைத் திறந்தாச்சு. ஒரு பிள்ளை எழும்பி குளிக்கப் போவல்ல. தகப்பன்மாரு என்னையல்லவா ஏசுதாவ. சவத்தைக் கழத்தி எடும் அண்ணே."

கூலி இல்லாத எஸ்டேட்

அந்தக் கார்டைச் சூப்பிரண்டின் பெட்டிக்குள் ஏற்றினேன். ராம் என்கிற நினைவகத்தையும் கூட்டினேன். பொருத்தமான டிரைவர் மென்பொருளைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்குப் பாதி ஆயுள் போனது; அந்த வேதனையை நீங்கள் அறிவீர்கள். திரை தெளிந்தது. டிராக்டர் பூமிக்கு இறங்கியது. வானம் நீலம், வயல் பச்சை.

சோதனைக்காகக் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க என் ரத்தம் கொதித்தது. அந்தப் பண்ணையில் ஒரு பொத்தானை அழுத்தினால் வேலையாள் வருகிறான். மழையில் உழுகிறான், இருட்டில் உழுகிறான். சாப்பாட்டு நேரம் இல்லை, வார விடுமுறை இல்லை, முகமே இல்லை. பின்னால் நின்ற சூப்பிரண்டிடம் திரும்பி, இது எந்த ஊர்ச் சட்டம் என்று கேட்டேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நான் அறிந்து முதன்முறையாக, சிரித்தார்.

"இதில சங்கம் இல்லை வே. அதனாலதான் பயிரு வெளையுது."

பெட்டியின் வேலைநிறுத்தம்

அடுத்த வாரமே ஆட்டோ திரும்ப வந்தது. உழவு தொடங்கியதும் கணினி அணைந்துவிடுகிறதாம். சும்மா வயலைப் பார்த்தால் ஓடுகிறது; டிராக்டரை முடுக்கினால் நிற்கிறது.

நோயை நொடியில் கண்டுகொண்டேன். புதிதாக வந்த கார்டு மின்சாரத்தை வாங்கித் தின்னும். மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பழையது, அந்தப் பாரத்தை அதனால் தாங்க முடியவில்லை. வேலையைக் கூட்டினீர்கள், சாப்பாட்டைக் கூட்டவில்லை. யாராக இருந்தாலும் நிறுத்தத்தான் செய்வார்கள் என்று சூப்பிரண்டுக்கு விளக்கினேன். இத்தனை வருடத்தில் அவரிடம் என் கோரிக்கை ஒன்று இவ்வளவு சுலபமாக நிறைவேறியதில்லை. உடனே புதியதை மாட்டச் சொன்னார். ஆனால் படி இறங்கும்போது திரும்பி நின்று, ஆட்டோக்காரனுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஒமக்கெ கடையில ரெண்டு நாளு இருந்ததுக்கு இதுவும் ஸ்டிரைக் செய்யப் படிச்சிட்டு."

கேட்காத சத்தம்

அதன்பிறகு சத்தம். கரகரப்புக்குக் காரணம், மதர்போர்டு என்கிற தாய்ப்பலகையில் இருந்த ஒலிப் பகுதி செத்துக்கொண்டிருந்ததுதான். தனியாக ஒரு சவுண்ட் கார்டு போட்டேன். கடையில் மணி போலக் கேட்டது. வீட்டுக்குப் போனதும், மகள் பேசுவது வரவில்லை என்று கொண்டுவந்தார். ஸ்பீக்கரை மாற்றினேன். வரவில்லை என்றார். வயரை மாற்றினேன், ஹெட்போன் கொடுத்தேன். வரவில்லை. என் கடையில் பாடுகிற பெட்டி அவர் வீட்டில் ஊமையாகிறது. வேண்டுமென்றே என்னை அலைக்கழிக்கிறார், பழைய கணக்கைத் தீர்க்கிறார் என்றுதான் நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

ஒரு வியாழக்கிழமை புஷ்பம் தனியாகக் கடைக்கு வந்தார். பெட்டி கொண்டுவரவில்லை. விளையாடும்போது சூப்பிரண்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்வதால் உள்ளே நடப்பது அவருக்குத் தெரியாது. ஆனால் அப்பா பதிலே பேசுவதில்லை என்று ஷீபா போனில் அம்மாவிடம் அழுதாளாம். பெட்டி பழுது என்றால் நம்பாமல், பழைய கோபம் திரும்பிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டாளாம். நாளை ஒரு நாள் பார்ப்பாள், நாளையும் அப்பா வாய் திறக்கவில்லை என்றால் இனி அந்த வயலுக்கு வரமாட்டாள். போனில் அவர்கள் பேசப் போவதில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

"எத்தனை வருசம் களிச்சு மிண்டத் தொடங்கினாவ அண்ணே. இனியும் பேச்சு நின்னு போச்சுன்னா, நான் செத்தாதான் ரெண்டு பேரும் மொகம் பாப்பாவ."

கேட்டைத் தாண்டி

வெள்ளிக்கிழமை மாலை நானே அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய கேட்டுக்கு உள்ளே நான் கால் வைத்தது அதுவே முதல் தடவை. அவர் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் பின்னால் நின்றேன். வயல் விரிந்தது. இரண்டாவது டிராக்டர் வந்து நின்றது. ஸ்பீக்கரில் ஷீபாவின் குரல், பக்கத்து அறையில் இருந்து பேசுவதைப் போலத் தெளிவாக வந்தது. அப்பா, வடக்குப் பக்கம் நான் விதைக்கட்டுமா என்று கேட்டாள். இன்னொரு முறை கேட்டாள். சூப்பிரண்டு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, திரையைப் பார்த்தபடி, பாரும், ஒன்றும் வரவில்லை, உம்முடைய வேலை இவ்வளவுதான் என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. கையை நீட்டி மைக்கை அணைத்துவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால், சாதாரணக் குரலில், "ஒட்டுப்பால்" என்றேன்.

புஷ்பம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து என்னை முறைத்தார். செருப்பெறிந்த மனிதர் அசையவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கச் சொன்னேன். அவர் டிராக்டரைத் திருப்பிக்கொண்டிருந்தார். கடையில் என் வாயையே அவர் ஏன் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நாற்காலியை என் பக்கம் திருப்பி, பழுது பெட்டியில் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. ஒவ்வொரு ஸ்பீக்கரையும் நான் மாற்றும்போது, இதிலாவது கேட்டுவிடாதா என்று பார்த்திருக்கிறார். தன் கையைப் பார்த்தபடி சொன்னார்:

"நீரு கேட்டில நின்னு கத்துனது அவ்வளவும் எனக்குக் கேட்டுது வே. ஒரு வார்த்தை விடாம கேட்டுது. இப்பம் பிள்ளை பேசுததுதான் கேக்கல்ல."

நிர்வாகத்துக்காக எழுதிய முதல் பிரசுரம்

மகளிடம் சொல்லிவிடும் என்றேன். மாட்டேன் என்றார். காது போய்விட்டது என்று தெரிந்தால் பாவம் பார்த்துப் பேசுவாள், அந்தப் பேச்சு தனக்கு வேண்டாம் என்றார். பாவம் பார்த்துப் பேசுகிறவளை ஒரு நாள் ஏசித் திருத்தலாம், பேச்சையே நிறுத்திவிட்டவளை எப்படித் திருத்துவீர் என்று கேட்டேன். வாதத்தில் அவரை நான் வென்றதாக ஒப்புக்கொள்ளாமலே, நாற்காலியிலிருந்து எழுந்து எனக்கு இடம் விட்டார். எழுத உமக்குத்தானே தெரியும், எழுதும் என்றார்.

விளையாட்டின் ஓரத்தில் எழுதிப் பேச ஒரு கட்டம் உண்டு. அதில் தமிழ் எழுத்து விழாது. தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். வாழ்க்கையில் எனக்கு நேர்ந்த அவமானங்களில் அதுவும் ஒன்று. அப்படியே அடித்தேன்: "மகளே, உன் அப்பா உன்னைப் புறக்கணிக்கவில்லை. அவருடைய செவிகள் பணி ஓய்வு கோருகின்றன. பழைய பகை என்று பரப்பப்படும் வதந்தியை நம்பாதே. உன் குரலைக் கேட்க முடியாத ஒரே காரணத்தால் அவர் பதில் சொல்லவில்லை."

இரண்டாவது டிராக்டர் அசையாமல் நின்றது. புஷ்பம் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார். சூப்பிரண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கட்டத்தில் எழுத்து வரத் தொடங்கியது: "இது அப்பா எழுதினது இல்லை. பக்கத்தில சங்கத்து மாமா இருக்காவளா? நாளைக்கே காது டாக்டருக்கிட்ட அப்பாவைக் கூட்டிட்டுப் போங்க மாமா. மெஷின் வைக்கது வரைக்கும் நாங்க எழுதியே பேசிக்கிடுதோம். அப்பா, வடக்குப் பக்கம் விதைச்சிட்டேன், பாருங்க."

அவர் தோளைத் தொட்டுத் திருப்பினேன். திரைக்கு வெகு அருகில் குனிந்து வாசித்தார். திரும்ப வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, வயலை ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தார். என்ன பதில் எழுதட்டும் என்று அவர் முகத்துக்கு நேராகக் கேட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வரப்பு கோணல்னு எழுதும் வே."

கேட்டுக்கு வெளியே நின்று இத்தனை வருடம் கூலி வாங்காமல் ஜெயித்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் கேட்டுக்கு உள்ளே போய், அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கூலி வாங்கிக்கொண்டு, அவரிடம் தோற்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.