மகளின் அரைமணி நேரம்

என் கணவரின் அண்ணனோடு நான் நேராகப் பேசியது வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அதுவும் மகளுடைய ஆபீஸில், அத்தனை பேர் முன்னால். இன்று நினைத்தாலும் முகம் சுடுகிறது.

எழுபதுகளில் நடந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருந்தோம். குடியிருந்தது மந்தைவெளியில். மகள் கணக்கில் பட்டம் வாங்கி, அடையாறில் ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் வேலையில் சேர்ந்திருந்தாள். நான் ஐந்தாவதோடு நின்றவள். அந்த வேலை எனக்கு விளங்கியதே இல்லை. ஆனால் அன்றைய நாள் அவளுக்கு நன்றாகப் போனதா, கெட்டதா என்பது மட்டும் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

அங்கே எல்லோருக்கும் சேர்த்து ஒரே மெஷின். எழுதியதை அட்டைகளில் ஓட்டை போட்டு, கட்டாகக் கட்டிக்கொண்டு முறைக்குக் காத்திருக்க வேண்டும். முறை வந்தால் அரைமணி நேரம். ஓர் ஓட்டை இடம் மாறியிருந்தாலும் மெஷின் துப்பிவிடும். தப்பைத் தேடித் திருத்தி மறுபடியும் வரிசை. அவளுடைய நாள் கெட பெரிய காரணம் வேண்டாம். கரண்ட் போனால் போதும். மெஷின் பார்க்க விருந்தாளிகள் வந்தால் போதும்.

அன்று காலை சாப்பிடும்போதே சொன்னாள்: "அம்மா, மூணு மணிக்கு என்னோட முறை. தொழிலாளிங்க சம்பளக் கணக்க சரியா ஓட்டிக் காட்டணும். சாயங்காலம் ஆபீசர் பாக்கறாரு. இன்னிக்கும் ஓடலைன்னா என்னை நிரந்தரமாக்க மாட்டாங்க."

மதியம் கணவரின் அண்ணன், எங்கள் மூத்தவர், ஊரிலிருந்து வந்து இறங்கினார். கணவர் கடையில். சாப்பிட்டுக் கை கழுவியதும், "பிள்ள வேல பாக்குத மிசினப் பாக்கணும்," என்றார்.

எங்கள் குடும்பத்தில் கணவரின் அண்ணன் முன்னால் பெண்கள் நின்று பேசமாட்டோம். நடுவில் ஒரு பிள்ளை இருந்தால் அதனிடம் சொல்வோம். இல்லையென்றால் கதவிடம்தான். நானும் கதவுக்குப் பின்னால் நின்று, "அவளுக்கு இன்னிக்கு வேலை அதிகமாம்," என்று கதவிடம் சொன்னேன்.

அவர் ஜன்னலைப் பார்த்து, "வேல இல்லாத ஆபீஸ் எங்க இருக்கு? வழி தெரிஞ்சவங்களக் கெளம்பச் சொல்லு," என்றார்.

கிளம்பினேன். பஸ்ஸில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

மெஷின் அறை வாசலில் பியூன் மறித்தார். "இன்னாம்மா, செருப்ப இங்கயே வுடு. தூசி பட்டா மிசினு மொறச்சிக்கும்." உள்ளே மெஷினுக்காக ஏசி போட்டு மார்கழிக் குளிர். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். மகள் அட்டைக் கட்டை மார்போடு அணைத்தபடி மெஷினருகே நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் பார்வையைச் சுவர்க் கடிகாரத்துக்கு மாற்றிக்கொண்டாள். மணி மூன்று.

ஆபீசர் கலகலப்பான மனிதர். "ஊர்லேர்ந்தா வரீங்க? வாங்க, வாங்க!" என்றவர் மகளிடம், "உன் கட்டு கொஞ்சம் இருக்கட்டும்மா," என்றார். வேறொரு கட்டைப் போடச் சொன்னார். அச்சடிக்கும் மெஷின் அலறியது. நீளக் காகிதத்தில் எழுத்தும் நட்சத்திரப் புள்ளியுமாக, வேலோடு முருகன் வந்து நின்றார். மூத்தவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

"சாதகம் பாக்குமா இது?"

"பழக்கினா பாக்கும்!" என்றார் ஆபீசர். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் பியூன் மட்டும்தான். "பாப்பா டயம் போய்க்கினே கீது," என்று என் பக்கத்தில் முணுமுணுத்தார்.

ஆபீசர் என்னிடம் திரும்பினார். "அம்மாவுக்கு ஒரு பிள்ளையார் போடச் சொல்லட்டுமா?"

"போடுங்க, போடுங்க. வந்ததுக்கு அவங்களும் ஒண்ணு கொண்டுபோகட்டும்," என்றார் மூத்தவர்.

அச்சு மெஷின் மறுபடியும் அலறத் தொடங்கியது. நான் கதவைத் தேடினேன். அங்கே இருந்தது கண்ணாடிக் கதவு.

"போதும்! அவ நேரத்த அவகிட்ட குடுங்க! வேலை போயிடும் அவளுக்கு!"

மெஷின் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமென்று கத்தினேன். அந்த நொடியில் மெஷின் நின்றுவிட்டது. என் குரல் மட்டும் அறை முழுக்க நின்றது. மூத்தவரின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. அட்டையில் ஓட்டை போடும் பெண்கள் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார்கள். மூத்தவர் முருகனைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினார். "சரி, சரி, அம்மா உத்தரவு!" என்று ஆபீசர் சிரித்தார். மகள் தலை நிமிரவே இல்லை.

சாயங்காலம் அவள் செருப்பை மெதுவாகக் கழற்றினாள்.

"ஓடுச்சா?"

"மிச்ச நேரத்துல ஓடுச்சு." தண்ணீர் குடித்துவிட்டு, "அட்டைய உள்ள வைக்கக் கையே வரலைம்மா. எல்லாரும் என்னையே பாத்தாங்க," என்றாள்.

நிரந்தரமாக்கினார்கள். ஆனால் அதன்பின் அவள் முறை கேட்கும்போதெல்லாம் யாராவது, "குடுத்துடுங்கப்பா, இல்லன்னா அம்மாவக் கூட்டிட்டு வந்துடுவா," என்பார்களாம். சில நாள் சிரித்துக்கொண்டே சொல்வாள். சில நாள் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொள்வாள். பேசியது தப்பு என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். ஆனாலும் அந்த ஆபீஸைத் தாண்டிப் பஸ் போனால் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

மூத்தவர் என் கணவரிடம், "வீட்டுல சத்தம் கூடிட்டு," என்று மட்டும் சொன்னாராம். பிறகு அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது பூஜை அறையில் அந்த முருகனைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். தீபாராதனை காட்டினார்கள். கும்பிடுகிறவள் போல நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.