மரத்தைத் தாங்கிய கேரட்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதம் நடந்தது இது. கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டை விட்டுத் திரும்பி, வயல்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் உள்ளே போனால் வரும் ஓர் ஊரில், அரசு ஆரம்பப் பள்ளியில் நாலாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். வில்லியனூரிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் போய் வருவேன்.

என் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பக்கத்து வகுப்பு டீச்சர், "நீ பாடம் எடுத்தா எம் பசங்களும் சேந்து பாஸாயிடும்டி" என்பார். அவ்வளவு கனத்த தொண்டை. கேள்வி கேட்பதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கே ஓர் எண்ணம். ஒரு பீரியடில் நாற்பது கேள்வி கேட்பேன். முதல் பெஞ்சில் மூன்று பெண்கள் உண்டு. கேள்வி முடிவதற்குள் கையைத் தூக்கிவிடுவார்கள். அவர்கள் தூக்காவிட்டால் பதிலை நானே சொல்லிவிட்டு, "புரிஞ்சுதா?" என்பேன். பதினேழு பேரும் கூரை பிய்ந்து போகிற மாதிரி, "புரிஞ்சிச்சி டீச்சர்!" என்பார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். இப்படியே பத்தொன்பது வருட சர்வீஸ் ஓடிவிட்டது.

அந்த மாசியில் ஒரு பெண்மணி தலைமை ஆசிரியையின் அறைக்கு வந்தார். என் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமியின் அம்மா. நடவு, களையெடுப்பு என்று வயல் வேலைக்குப் போகிறவர். அடுத்த வருடம் மகளைத் தவளக்குப்பம் பக்கம் வேன் விடுகிற ஒரு தனியார் பள்ளியில் சேர்க்கப் போகிறாராம். டி.சி. கேட்டு மனு எழுதியே எடுத்து வந்திருந்தார். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

நான் சமாதானமாக, "உங்க பொண்ணு தங்கமான பொண்ணும்மா, ரொம்ப அமைதி" என்றேன்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அமைதியா? எம் பொண்ணா? வூட்டுல ஒரு நிமிசம் வாய் மூடாது டீச்சர். அது இன்னா, இது ஏன்னு உசுர எடுக்கும். உங்க கிளாஸ்ல மட்டும் வாயத் தொறக்கலன்னா இன்னா அர்த்தம்?"

எனக்குச் சுருக்கென்றது. அதைவிடப் பெரிய கவலை தலைமை ஆசிரியைக்கு. இந்த அம்மா போனால் பின்னாலேயே இன்னும் நாலு வீட்டார் போவார்கள் என்று ஊருக்குள் பேச்சிருந்தது. பதினேழில் ஐந்து போனால் வகுப்பில் என்ன மிஞ்சும்? அவர் சட்டென்று ஒரு யோசனை சொன்னார். "ஒரு வாரம் பொறுங்கம்மா. அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாப் பெத்தவங்களையும் கூப்பிடறோம். வந்து உக்காந்து டீச்சர் எடுக்கற பாடத்தப் பாருங்க. அப்புறமும் வேணும்னா நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

அந்த அம்மாவும் சரி என்று போய்விட்டார். மாட்டிக்கொண்டவள் நான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சொல்லவே கூச்சமாக இருக்கிறது. தாவரங்களின் வேர் பாடத்தை எடுத்துக்கொண்டேன். பத்துக் கேள்விகள் தயாரித்தேன். முதல் பெஞ்ச் மூன்று பேருக்கும் முறை பிரித்துக் கொடுத்தேன். முதல் கேள்வி இவளுக்கு, இரண்டாவது அவளுக்கு, மூன்றாவது மற்றவளுக்கு, நாலாவது மறுபடி இவளுக்கு. "முறை வந்ததும் டக்குனு எழுந்து சொல்லிடணும்டி, திருதிருன்னு முழிச்சிக்கிட்டு நிக்கக் கூடாது" என்று ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். ஆண்டு விழா நாடகத்துக்குக்கூட அத்தனை ஒத்திகை பார்த்ததில்லை.

புதன்கிழமை சாயங்காலம் தொண்டை கட்டியது. வியாழக்கிழமை காலை வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. அரியூர் பக்கம் போய் டாக்டரைப் பார்த்தேன். "பத்து நாளைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி! "அந்த டாக்டருக்கு ஒரு மாலை வாங்கிப் போடணும்" என்றார். பதில் பேச முடியாத கோபத்தில் தோசைக் கரண்டியை ஆட்டிக் காட்டினேன்.

தேதியைத் தள்ளிப் போடவும் வழியில்லை. பெற்றவர்கள் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். கேள்விகளைப் போர்டில் எழுதியே சமாளித்துவிடலாம், பிள்ளைகளுக்குத்தான் எல்லாம் மனப்பாடமாயிற்றே என்று தைரியம் சொல்லிக்கொண்டு போனேன்.

வெள்ளிக்கிழமை. பின்சுவரை ஒட்டி பெஞ்சு போட்டு, பெற்றவர்கள் பதினைந்து பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அந்த அம்மா. கையில் மடித்த மனு. வாசற்படியில் தலைமை ஆசிரியை.

முதல் கேள்வி எழுதினேன். 'வேரின் வேலை என்ன?' முதல் பெண் எழுந்து, "மண்ணில் இருந்து நீரை உறிஞ்சும் டீச்சர்!" என்றாள். பின்னால் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். எனக்குத் தெம்பு வந்தது.

அந்தத் தெம்பில்தான் கோட்டை விட்டேன். இரண்டாவது கேள்வி, 'தாவரத்தின் சமையலறை எது?' என்பது. பதற்றத்தில் அதை விட்டுவிட்டு மூன்றாவதை எழுதினேன். 'நாம் சாப்பிடும் வேர் ஒன்றைச் சொல்.'

இரண்டாவது பெண் போர்டைப் பார்க்கவேயில்லை. முறை வந்தது, எழுந்தாள். "இலை டீச்சர்!"

நான் கையை ஆட்டினேன். அவளோ பாராட்டுகிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். வாயைத் திறந்து திருத்தவும் முடியாது. அடுத்ததை எழுதினால் சரியாகிவிடும் என்று அவசரமாக எழுதினேன். 'மரம் கீழே விழாமல் தாங்கிப் பிடிப்பது எது?'

மூன்றாவது பெண் எழுந்தாள். நிமிர்ந்து நின்று, கணீரென்று சொன்னாள். "கேரட் டீச்சர்!"

பின்னாலிருந்து ஓர் அப்பா, "ஆமாம்பா, எங்க வூட்டுத் தென்னமரம் சாயுது. நாளைக்கே ஒரு கிலோ கேரட்டு வாங்கி முட்டுக் குடுக்கணும்" என்றார். அறையே குலுங்கியது. பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். எதற்கென்று தெரியாமல் அந்தப் பெண்ணும் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. தலைமை ஆசிரியை தலையில் கை வைத்துக்கொண்டார்.

சிரிக்காதவர் அந்த அம்மா ஒருவர்தான். "டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. இந்த மூணு புள்ளைங்களுக்குத்தான் பாடமா? மீதிங்க இன்னாத்துக்கு வருதுங்க?" என்று கேட்டார்.

தொண்டை நன்றாக இருந்திருந்தாலும் இதற்கு என்ன சொல்லியிருப்பேன்?

திரும்பிப் போர்டைத் துடைத்தேன். முழுதும் துடைத்தேன். ஒத்திகை பார்த்த பத்துக் கேள்வியும் அத்தோடு போயிற்று. வேறு ஏதாவது எழுதியாக வேண்டும். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன், தண்ணீர் கட்டிய நெல் வயல். தோன்றியதை எழுதினேன். 'வேர் தண்ணீரிலேயே நின்றால் செடிக்கு என்ன ஆகும்?'

முதல் பெஞ்ச் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒத்திகையில் இது இல்லையே! யாரும் பேசவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் இரண்டு நொடிகூட என்னால் தாங்க முடியாது, பதிலைக் கொட்டிவிடுவேன். இப்போது கொட்ட வழியில்லை. என் கேள்விக்கு நானே போர்டில் பதில் எழுதினால் அதைவிடக் கேவலம் வேறில்லை. அதனால் சும்மா நின்றேன். ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு யுகம் போன மாதிரி இருந்தது. நிஜத்தில் பத்துப் பதினைந்து நொடிதான் இருக்கும்.

கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். அந்த வருடம் முழுக்க அவனிடமிருந்து நான் கேட்ட ஒரே வாக்கியம், "ஒண்ணுக்குப் போவட்டா டீச்சர்" என்பது. அவன் சொன்னான், "அழுவிடும் டீச்சர். போன மழையில எங்க மல்லாட்டக் கொல்லையில தண்ணி நின்னு எல்லாம் அழுவிப்போச்சி."

மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை, அழுவுவது என்றால் அழுகுவது. அவன் அப்பா பின்னாலிருந்து, "ஆமாம் டீச்சர், வேரு மூச்சு முட்டிப் பூடும்" என்றார்.

பேச முடிந்திருந்தால், "வெரி குட், உக்காரு" என்று முடித்து அடுத்த கேள்விக்குத் தாவியிருப்பேன். முடியவில்லையே! தலையை மட்டும் ஆட்டிவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு சின்னக் குரல். அந்த அம்மாவின் மகள். என்னைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "அப்ப நெல்லு மட்டும் ஏன் அழுவல? அது எப்பவும் தண்ணியிலதான நிக்குது? அதுக்கு மூச்சு எங்கேருந்து வருது?"

நான் அசந்துபோனேன். வேர் பாடத்தைப் பத்தொன்பது தடவை நடத்தியிருக்கிறேன். தினமும் அந்த வயல்களைப் பார்த்துக்கொண்டுதான் ஸ்கூட்டியில் வருகிறேன். இப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. அதைவிட வெட்கம், பதிலும் தெரியவில்லை.

வகுப்பு களைகட்டிவிட்டது. "நெல்லுக்குத் தண்ணிதாண்டி உசுரு!" என்றது ஒன்று. "அப்பன்னா மல்லாட்டைக்கு மட்டும் இன்னா கேடு?" என்றது இன்னொன்று. முதல் பெஞ்ச் பெண்களும் முறையை மறந்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்து சண்டையில் சேர்ந்துகொண்டார்கள். பெற்றவர்கள் தங்களுக்குள் வாதாட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த அம்மா மட்டும் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தினி வருசமா நாத்து நடறேன். எனுக்குத் தோணலியே இது" என்றார், பக்கத்தில் இருந்தவரிடம்.

எல்லாரும் கடைசியில் என்னைப் பார்த்தார்கள். தலைமை ஆசிரியையும் பார்த்தார். நான் சாக்பீஸை எடுத்து, சர்வீஸில் ஒரு தடவைகூட எழுதாத வரியை எழுதினேன். 'எனக்குத் தெரியாது. கண்டுபிடிக்கலாமா?'

போச்சு, கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். பெல் அடித்தது. பெற்றவர்கள் பேசிக்கொண்டே கலைந்தார்கள். அந்த அம்மாவும் மகள் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நன்றாக அழுதேன். சத்தம் வராமல் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை நான் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே அந்த அம்மா வாசலில் நின்றார். டி.சி.க்குத்தான் என்று நினைத்தேன். அவர் கையில் ஒரு சிமெண்ட் சாக்கு. அதைத் தரையில் கவிழ்த்தார். வேரோடும் சேற்றோடும் இரண்டு குத்து நெல், இரண்டு மல்லாட்டைச் செடி.

"ரெண்டு நாளா எம் பொண்ணு இந்தக் கேள்விய வச்சிக்கினு எங்கள ஒரு வழி பண்ணிடுச்சி டீச்சர். அறுத்துப் பாக்கணுமாம். நீங்களே அறுத்துக் காட்டுங்க" என்றார். நானாகவே, டி.சி. என்று கையால் காற்றில் எழுதிக் காட்டினேன். "அத்த வுடுங்க டீச்சர், மொதல்ல இத்தப் பாப்போம்" என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு என்னோடு வகுப்புக்குள் வந்துவிட்டார்.

பிளேடால் நான் அறுக்க, பிள்ளைகள் பூதக்கண்ணாடியை ஆளுக்கு ஆள் பிடுங்கிக்கொண்டு பார்த்தார்கள். நெல்லின் அடித்தண்டைச் சுற்றியிருந்த இலை மட்டைக்குள்ளும் வேரிலும் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். மல்லாட்டை வேரில் அப்படி எதுவும் தெரியவில்லை. முதலில் கத்தியது அந்தச் சிறுமிதான். "டீச்சர், தாமரத் தண்டு மாதிரி ஓட்ட! மேலேருந்து காத்து இதுல இறங்குது!" வேளாண் துறையில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்குப் போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்டேன். பாப்பா சொன்னது சரிதான் அக்கா, இலையிலிருந்து வேர் வரைக்கும் காற்றுக்கு வழி இருக்கிறது என்று பதில் வந்தது. அதை நான் போர்டில் எழுதியபோது அந்த அம்மா மகளின் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார். முகமெல்லாம் பூரிப்பு.

டி.சி. பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை. மற்ற நாலு வீட்டாரும் எடுக்கவில்லை. அந்தச் சிறுமி எங்களிடமே ஐந்தாவதும் முடித்தாள். அந்த ஒரு வருடச் சொச்சத்தில் அவள் கேட்ட கேள்விகளுக்கு நான் எத்தனை தடவை போர்டில் 'தெரியாது' என்று எழுதினேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

பதினோராம் நாள் குரல் திரும்பிவிட்டது, பழைய கனத்தோடேயே. ஆனால் இப்போது கேள்வி கேட்டதும் வாயை இறுக மூடிக்கொண்டு மனசுக்குள் பத்து எண்ணுகிறேன். முக்கால்வாசி நாள் ஏழு எண்ணுவதற்குள் எந்த மூலையிலிருந்தாவது ஒரு குரல் வந்துவிடுகிறது. அந்தக் குரலைக் கேட்டு மனம் நிறைகிற ஒவ்வொரு முறையும், பத்தொன்பது வருடங்களாக 'ரொம்ப அமைதி' என்று நான் மெச்சி அனுப்பி வைத்த பிள்ளைகளில் எத்தனை பேர் வாய்வரை வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டு போனார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.